கல்லூரி மாணவரும் தொண்டும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில், மாணவர் பரிசளிப்பை ஒட்டி ஆற்றப்பெற்ற சொற்பொழிவு)

 

மாணவர்களைப் பற்றிப் பேசவேண்டும் என்று செயலாளர் என்னைப் பணித்தார். மாணவர்களுக்கு அறிவுரை கூறுவோருக்கு நாட்டில் பஞ்சமில்லை. வீட்டில் தந்தையார் கூறுகிறார். வகுப்பில் ஆசிரியர் கூறுகிறார். விழா மேடைதோறும் என்னைப் போன்ற முதியவர்கள் கூறுகிறார்கள். கேட்டுக் கேட்டு அவர்கள் செவிகள் புளித்திருக்கும். ஆகவே நான் அறிவுரை கூற வரவில்லை. ஒரு கணக்கைப் பார்க்க வந்திருக்கிறேன். மைசூரில் படிக்கும் மாணவன் இந்த நகரத்திடம் என்ன பெறுகிறான், என்ன தருகிறான் என்ற வரவு செலவுக் கணக்கு அது. அந்தக் கணக்கில் என் பெயரிலும் ஒரு கடன் இருக்கிறது. அதை இறுதியில் கூறுகிறேன்.

முதலில் வரவைப் பார்ப்போம்.

இந்த நகரம் மாணவர்களின் நகரம். அரண்மனையையும் தசராவையும் காண வருபவர்கள் இரண்டு நாளில் திரும்பிவிடுகிறார்கள். மாணவனோ மூன்று ஆண்டு, ஐந்து ஆண்டு இங்கேயே வாழ்கிறான். 1916ஆம் ஆண்டில் மைசூர்ப் பல்கலைக்கழகம் தோன்றியது. பிரித்தானியர் நேராக ஆண்ட பகுதிக்கு வெளியே, ஓர் இந்திய மன்னரின் நாட்டில் எழுந்த முதற் பல்கலைக்கழகம் இதுவே. மகாராஜா கல்லூரி அதற்கும் முந்தியது. திருத்தணியில் பிறந்த சர்வபள்ளி இராதாகிருஷ்ணன் 1918 முதல் 1921 வரை இங்கே தத்துவப் பேராசிரியராக விளங்கினார். அவர் கல்கத்தாவுக்குப் புறப்பட்ட நாளில் மாணவர்கள் வண்டியிலிருந்து குதிரைகளை அவிழ்த்துவிட்டுத் தாங்களே புகைவண்டி நிலையம் வரை அதை இழுத்துச் சென்ற செய்தி நீங்கள் அறிந்ததே. சென்னையில் பிறந்த ஆர். கே. நாராயண் 1930இல் இங்கே பட்டம் பெற்றார். யாதவகிரியில் அவர் வாழ்ந்த வீடு இன்று நினைவு இல்லமாக நிற்கிறது. தமிழ் மாணவனுக்கு இந்த ஊர் புதிய ஊர் அன்று.

அந்த நாளில் ஏழை மாணவன் இங்கே எப்படி வாழ்ந்தான் என்பதைச் சற்று எண்ணிப் பாருங்கள். கிராமத்திலிருந்து ஒரு தகரப் பெட்டியோடு வருவான். தங்குவதற்கு ஒரு திண்ணையோ சிறு அறையோ கிடைக்கும். உணவுக்கு என்ன செய்வது? ஊரில் நல்ல மனம் படைத்த ஏழு வீடுகளைத் தேடிப் பிடிப்பான். திங்கட்கிழமை ஒரு வீடு, செவ்வாய்க்கிழமை மற்றொரு வீடு என்று ஏழு நாளுக்கு ஏழு இல்லங்களில் உண்பான். கன்னட மக்கள் இதனை ‘வாரான்னம்’ என்றார்கள். நம்மவர் ‘வாரச் சாப்பாடு’ என்றார்கள். ஒரு வீட்டில் விருந்தினர் வந்துவிட்டால், அல்லது அந்த வீட்டார் ஊருக்குப் போய்விட்டால், அன்று அவனுக்குப் பட்டினிதான். பிற்காலத்தில் புகழ்பெற்ற அறிஞர்களாகவும் நீதிபதிகளாகவும் விளங்கியோர் சிலர் இவ்வாறு ஏழு வீட்டுச் சோற்றில் வளர்ந்தவர்களே.

தனி வீடுகள் செய்த இந்த அறத்தைப் பின்னர் நிறுவனங்கள் ஏற்றுக்கொண்டன. மரிமல்லப்பா பள்ளியின் தலைமையாசிரியராக இருந்த வெங்கடகிருஷ்ணய்யா (1844–1933) என்ற பெரியவரை இந்த ஊர் ‘தாத்தய்யா’ என்று அன்போடு அழைத்தது. திக்கற்ற மாணவர்கள் உண்டு உறங்கிப் படிப்பதற்காக அவர் ‘அநாதாலயம்’ என்ற இல்லத்தை நிறுவினார். 1925இல் தோன்றிய இராமகிருஷ்ண ஆசிரமம் மாணவர் சிலருக்கு நிழல் தந்தது. கன்னட நாட்டின் பெருங்கவி குவெம்பு மாணவராக இருந்தபோது அங்கே தங்கியவரே. சுத்தூர் மடத்தின் சிவராத்திரி ராஜேந்திர சுவாமிகள் (1916–1986) கிராமத்துப் பிள்ளைகளுக்கு இலவச விடுதி நடத்தினார். 1954இல் அவர் நிறுவிய கல்விக் கழகம் இன்று பேராலமரமாக விழுது விட்டிருக்கிறது. வீரசைவ மடங்கள் அன்னமிடுதலைத் ‘தாசோகம்’ என்று வழங்குகின்றன. ‘நான் அடியேன்’ என்பது அந்தச் சொல்லின் பொருள். கொடுப்பவன் தன்னை மேலானவனாக எண்ணாமல், உண்பவனுக்கு அடியவனாக எண்ணிக் கொடுக்கவேண்டும் என்பது கருத்து. உழவாரப் படையைக் கையில் ஏந்திக் கோயில் முற்றத்துப் புல்லைச் செதுக்கிய நம் நாவுக்கரசர் பெருமானின் தொண்டும் இதே குலத்தைச் சேர்ந்தது.

இவையெல்லாம் பழங்கதை, இன்றைய மாணவன் தன் தந்தையின் பணத்தில் படிக்கிறான் என்று நீங்கள் கூறலாம். பொறுங்கள். அரசுக் கல்லூரியில் மாணவன் கட்டும் சம்பளம் அவன் கல்விக்கு ஆகும் செலவில் ஒரு சிறு பகுதியே. மீதியைக் கட்டுபவர் யார்? தேவராஜ அங்காடியில் கூடையோடு அமர்ந்து மல்லிகைப் பூ விற்கும் அம்மையாரும் தீப்பெட்டி வாங்கும்போது வரி செலுத்துகிறார். அந்த வரியிலும் ஒரு துளி நம் கல்லூரியின் நூலகத்துக்கு வந்து சேர்கிறது. மருத்துவ மாணவனின் கடன் இன்னும் பெரிது. 1924இல் பெங்களூரில் தொடங்கி 1930இல் மைசூருக்கு மாற்றப்பெற்றது நம் மருத்துவக் கல்லூரி. அந்நாள் முதல் கிருஷ்ணராஜேந்திர மருத்துவமனையின் ஏழை நோயாளிகளே அங்குப் பயிலும் மாணவர்களுக்குப் பாடநூல். தம் வலியையும் காயத்தையும் விரித்துக் காட்டி, ‘படித்துக்கொள் தம்பி’ என்று அவர்கள் படுத்திருக்கிறார்கள். ஆகவே மாணவன் பிறருக்குக் கொடுப்பவனாவதற்கு முன்னர்ப் பிறரிடம் கொண்டவனாகவே இருக்கிறான். இதுவே கணக்கின் முதல் வரி.

வள்ளுவப் பெருந்தகை ‘ஈகை’ என்று ஓர் அதிகாரம் வகுத்தார். அதற்கு முன்னதாக ‘ஒப்புரவறிதல்’ என்று ஓர் அதிகாரம் வைத்தார். இரண்டும் கொடுப்பதைப் பற்றியவைதாமே, ஏன் இரண்டு அதிகாரம் என்று இளமையில் நான் வியந்ததுண்டு. இல்லாதவன் வந்து கேட்கும்போது இரங்கிக் கொடுப்பது ஈகை. நான் இந்த ஊரோடு ஒட்டிய உறுப்பு, ஊரின் நலமே என் நலம் என்று உணர்ந்து கேளாமலே செய்வது ஒப்புரவு. ஊர் நடுவே நீர் நிறைந்த குளத்தையும், பழுத்த மரத்தையும், எல்லா உறுப்பும் மருந்தாகும் மரத்தையும் அவர் அங்கே உவமையாகக் காட்டினார். குளம் யாருக்கும் பிச்சை இடுவதில்லை. ஊர் மழையை வாங்கி ஊருக்கே தருகிறது. மாணவன் செய்யும் தொண்டு அத்தகையது. தருமம் செய்கிறேன் என்ற செருக்குக்கு அங்கே இடமே இல்லை.

இனிச் செலவைப் பார்ப்போம். மாணவனிடம் பணமில்லை, நேரம் இருக்கிறதா?

இன்றைய கல்லூரி மாணவனின் ஒரு நாளை எடுத்துக்கொள்வோம். காலையில் எழுந்து, ஊக்கமுள்ளவனாயின் குக்கரஹள்ளி ஏரிக்கரையில் ஒரு சுற்று நடக்கிறான். விடுதியில் சிற்றுண்டிக்கு வரிசையில் நிற்கிறான். பேருந்தில் தொற்றிக்கொண்டு கல்லூரிக்குச் செல்கிறான். வகுப்புகள், ஆய்வுக்கூடம், இடையில் உணவு. மாலையில் தேநீர்க் கடையில் நண்பர்களோடு அரைமணி. பிறகு தனிப்பயிற்சி வகுப்பு. சிலர் மாலையில் கடைகளிலும் உணவகங்களிலும் வேலை பார்த்துத் தம் செலவைத் தாமே ஈட்டுகிறார்கள். அவர்களை நான் தலைவணங்கிப் போற்றுகிறேன். இரவில் சிறிது நேரம் பாடம், நெடுநேரம் கைப்பேசி. இந்த நாளில் தொண்டுக்கு எங்கே இடம் என்று பெற்றோர் கேட்கிறார்கள்.

நாட்டு நலப்பணித் திட்டம் இந்தக் கேள்விக்கு ஒரு விடை வைத்திருக்கிறது. அதன் வரலாற்றில் நம் ஊருக்கும் ஒரு தொடர்பு உண்டு. மைசூரில் மாணவர்கள் வண்டி இழுத்து வழியனுப்பிய அதே இராதாகிருஷ்ணன், 1948இல் அமைந்த பல்கலைக்கழகக் கல்விக் குழுவுக்குத் தலைவரானார். மாணவர்கள் தாமே விரும்பிச் சமூகப் பணி செய்யும் முறை கல்லூரிகளில் வேண்டும் என்று அக்குழு பரிந்துரைத்தது. அந்த விதை முளைக்க இருபது ஆண்டு ஆயிற்று. காந்தியடிகளின் நூற்றாண்டாகிய 1969இல், செப்டம்பர் 24ஆம் நாள், 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களோடு அத்திட்டம் தொடங்கப்பெற்றது. ‘எனக்காக அன்று, உனக்காக’ என்பது அதன் கொள்கை. அதில் சேரும் மாணவன் இரண்டு ஆண்டில் 240 மணி நேரம் பணி செய்யவேண்டும். ஏழு நாள் முகாம் ஒன்றிலும் கலந்துகொள்ளவேண்டும்.

240 மணி என்றதும் மலைப்பாக இருக்கிறது அல்லவா? வகுத்துப் பாருங்கள். ஆண்டுக்கு 120 மணி. நாள் ஒன்றுக்கு 20 நிமிடம். தேநீர்க் கடையில் செலவாகும் நேரத்தைவிடக் குறைவு. கைப்பேசியில் கழியும் நேரத்தைப் பற்றி நான் வாய் திறக்கப் போவதில்லை. முன்வரிசையில் சிலர் இப்போதே அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வதைக் காண்கிறேன். ஆகவே நேரமில்லை என்ற விடை செல்லாது.

பெற்றோரின் அச்சம் வேறு. பிள்ளை தொண்டு தொண்டு என்று அலைந்து படிப்பைக் கோட்டை விட்டுவிடுவானோ என்று அஞ்சுகிறார்கள். அந்த அச்சத்தை நான் எள்ளி நகையாடமாட்டேன். வயலை அடகு வைத்துப் பிள்ளையைப் படிக்கவைக்கும் தந்தை அஞ்சத்தான் செய்வார். படிப்பை விட்டுவிட்டுச் செய்யும் தொண்டு தொண்டாகாது என்பதே என் கருத்தும். தேர்வில் தோற்ற மருத்துவ மாணவனால் எந்த நோயாளிக்கும் பயன் இல்லை. படிப்பும் தொண்டும் ஒன்றையொன்று வளர்க்க இயலுமா என்பதே கேள்வி. இயலும் என்பதற்கு இந்த நகரத்திலேயே சான்று இருக்கிறது.

1984ஆம் ஆண்டு. நம் மருத்துவக் கல்லூரியில் பாலசுப்பிரமணியம் என்ற மாணவர் படித்துக்கொண்டிருந்தார். வயது பத்தொன்பது. விவேகானந்தரின் எழுத்துகள் அவர் உள்ளத்தைத் தொட்டிருந்தன. ஏழை நோயாளிகள் மருத்துவமனையில் படும் துயரத்தை அவர் நாள்தோறும் கண்டார். சீட்டில் மருந்தின் பெயர் இருக்கும். வாங்கக் காசு இருக்காது. அறுவைக்கு நாள் குறித்திருக்கும். குருதி கொடுக்க ஆள் இருக்காது. அவரும் சில தோழர்களும் சேர்ந்து ‘சுவாமி விவேகானந்தர் இளைஞர் இயக்கம்’ என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். மருந்து நிறுவனங்கள் மருத்துவர்களுக்கு மாதிரியாகத் தரும் மாத்திரைகளைக் கேட்டு வாங்கி, வகைப்படுத்தி, ஏழைகளுக்குக் கொடுத்தார்கள். குருதிக் கொடைக்கு ஏற்பாடு செய்தார்கள். ஓய்வு நாளில் சிற்றூர்களுக்குச் சென்று நோயாளிகளைப் பார்த்தார்கள். மாணவர்களால் செய்ய இயன்ற சிறிய செயல்களே இவை. ஆனால் மருந்தின் பெயரைப் பாடத்தில் படித்தவன், அது கிடைக்காதவனின் முகத்தையும் பார்த்துவிட்டான். அந்தப் பாடம் மறக்குமா?

படிப்பை முடித்து மருத்துவரான பின்னர், 1980களின் இறுதியில் அவர்களுள் சிலர் ஹெக்கடதேவனகோட்டைப் பகுதிக்குச் சென்றார்கள். மைசூரிலிருந்து ஏறத்தாழ 50 கிலோமீட்டர். அங்கே காட்டோரத்தில் ஜேனு குறும்பர், காடு குறும்பர் முதலிய பழங்குடியினர் வாழ்கிறார்கள். தேனெடுத்தும் கிழங்கு அகழ்ந்தும் காட்டையே தாயாகக் கொண்டிருந்தவர்கள். 1970களில் கபினி அணையின் நீர் பரந்து சிலருடைய இடத்தை விழுங்கியது. பந்திப்பூர், நாகரஹொளே காடுகள் விலங்குகளுக்கென ஒதுக்கப்பெற்றபோது வேறு பலர் வெளியேற நேர்ந்தது. நகரத்துக்கு நீரும் மின்சாரமும் வந்தன. காட்டு மகனுக்குக் காடு போயிற்று. அந்த இளம் மருத்துவர்கள் பிரம்மகிரி என்ற இடத்தில் எளிய நிலையில் தம் பணியைத் தொடங்கினார்கள். பின்னர்க் கெஞ்சனஹள்ளியில் சிறிய மருத்துவமனை எழுந்தது. அதன்பின் சரகூரில் பெரிய மருத்துவமனை எழுந்தது.

அங்கே அவர்கள் கண்ட உண்மை ஒன்று உண்டு. மருந்து கொடுத்தால் மட்டும் போதாது. நோய்க்குப் பின்னே பசி நிற்கிறது. பசிக்குப் பின்னே நிலமின்மை நிற்கிறது. அதற்கும் பின்னே எழுத்தறியாமை நிற்கிறது. ஆகவே பழங்குடிப் பிள்ளைகளுக்கென ஒரு பள்ளியையும் தொடங்கினார்கள். அது ஒரு மாட்டுக் கொட்டகையில் தொடங்கிய பள்ளி. இன்று ஹொசஹள்ளியில் விடுதியோடு கூடிய பள்ளியாக வளர்ந்திருக்கிறது. மருத்துவமனை வராந்தாவில் மாத்திரை வகைப்படுத்திய சில மாணவர்களின் செயல் எங்கே போய் முடிந்தது பாருங்கள்!

எல்லோரும் காட்டுக்குப் போகவேண்டும் என்று நான் கூறவில்லை. அது சிலருக்கே வாய்க்கும். நமக்கு வாய்ப்பது மாத்திரை வகைப்படுத்தும் வேலைதான். அதைப் பற்றியே இனிப் பேசுகிறேன். நம் சங்கத்து மாணவர்கள் இந்த நகரில் செய்யக்கூடியவை மூன்று என் கண்ணுக்குத் தெரிகின்றன.

முதலாவது, குருதிக் கொடை. காசுக்குக் குருதி விற்கும் வழக்கம் நம் நாட்டில் முன்பு இருந்தது. உச்ச நீதிமன்றம் 1996இல் அளித்த தீர்ப்பின் பயனாக 1998 சனவரி முதல் அது தடை செய்யப்பெற்றது. இப்போது நோயாளிக்கு உறவினர் கொடுக்கவேண்டும், அல்லது அன்புடையோர் கொடுக்கவேண்டும். 18 வயது நிறைந்து, 45 கிலோவுக்குக் குறையாத எடையும் நல்ல உடல்நலமும் உள்ளவர்கள் கொடுக்கலாம். ஆண்கள் 90 நாளுக்கு ஒருமுறையும், பெண்கள் 120 நாளுக்கு ஒருமுறையும் கொடுக்கலாம். இதில் நுட்பமான ஒரு செய்தி உண்டு. குருதியின் சிவப்பணுக்களை 35 நாள் முதல் 42 நாள் வரை காக்கலாம். தட்டணுக்களையோ ஐந்து நாளுக்குமேல் வைத்திருக்க இயலாது. தலைவரின் பிறந்தநாளில் நூறு பேர் ஒருங்கே கொடுத்துவிட்டு, கோடை விடுமுறையில் கல்லூரி பூட்டியதும் ஒருவரும் இல்லையானால் அந்த மே மாதத்து நோயாளி என்ன செய்வார்? ஆகவே விழா எடுப்பதைவிடப் பட்டியல் ஒன்று வைத்துக்கொள்வது நன்று. யாருக்கு எந்த வகைக் குருதி, யார் கடைசியாகக் கொடுத்த நாள் எது, விடுமுறையில் ஊரில் இருப்பவர் யார் என்று சங்கத்தில் ஒரு பதிவேடு இருக்கட்டும்.

இரண்டாவது, பார்வையற்ற மாணவருக்குத் தேர்வு எழுதித் தருதல். இந்த நகரம் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பார்வையற்றோர்க்கும் செவிப்புலன் அற்றோர்க்கும் பள்ளி கண்ட நகரம். மானசகங்கோத்திரியில் உள்ள அகில இந்தியப் பேச்சு, கேள்விப்புலன் நிறுவனம் 1960கள் முதல் நாடெங்கும் புகழ் பெற்று விளங்குகிறது. இன்று பார்வையற்ற மாணவர்கள் கல்லூரிகளில் நம்மோடு படிக்கிறார்கள். விடை அவர்களுக்குத் தெரியும். எழுத ஒரு கை வேண்டும். மணிக்கு 20 நிமிடத்துக்குக் குறையாமல் அவர்களுக்கு மிகுதி நேரம் தரவேண்டும் என்று மத்திய அரசு 2018இல் நெறி வகுத்தது. அந்தக் கணக்கில் மூன்று மணித் தேர்வு நான்கு மணியாகிறது. எழுதுபவர் அந்த நான்கு மணியும் பொறுமையோடு அமர்ந்து, அவர் சொல்வதைக் கூட்டாமல் குறைக்காமல் எழுதவேண்டும். தமக்குத் தெரிந்த விடையை எழுதுவது தொண்டன்று, திருட்டு. வருகிறேன் என்று ஒப்புக்கொண்டவர் வாராமல் போனால், பார்வையற்ற மாணவர் வாயில் அருகே காத்து நின்று ஓர் ஆண்டை இழப்பார்.

மூன்றாவதை, நான் பட்ட கடனோடு சேர்த்துக் கூறவேண்டும்.

நான் இந்த நகரில் கல்லூரி மாணவனாக இருந்த காலத்தில், நாங்கள் சில நண்பர்கள் ஞாயிறுதோறும் ஒரு மருத்துவமனைக்குச் செல்வோம். மொழி தெரியாத தமிழ் நோயாளிகளுக்குக் கடிதம் எழுதிக் கொடுப்போம். மருத்துவர் கூறுவதைத் தமிழில் எடுத்துக் கூறுவோம். சேலம் பக்கத்திலிருந்து சாலை வேலைக்கு வந்த ஒரு முதியவர் அங்கே இருந்தார். காலில் புண். சர்க்கரை நோய் என்றார்கள். கன்னடத்தில் ஒரு சொல்லும் அவருக்குத் தெரியாது. கூட வந்தவர்கள் வேலை முடிந்து வேறு ஊருக்குப் போய்விட்டார்கள். என்னைக் கண்டால் அவர் முகம் மலரும். ஒரு ஞாயிறு மாலை என் கையைப் பிடித்துக்கொண்டு, “தம்பி, நாளைக்குக் காலையிலே பெரிய டாக்டர் வராராம். அவர் என்ன சொல்றார்னு எனக்கு விளங்கணும். நீ பக்கத்திலே நிப்பியா?” என்று கேட்டார். “வருகிறேன் ஐயா, எட்டு மணிக்கு இங்கே இருப்பேன்” என்றேன்.

மறுநாள் நான் போகவில்லை. நோயில்லை, தேர்வில்லை. முதல் நாள் இரவு நண்பர்களோடு தசராக் கண்காட்சிக்குப் போய் நள்ளிரவில் திரும்பினேன். விடிந்து நெடுநேரம் உறங்கிவிட்டேன். நாளை போகலாம் என்று எண்ணினேன். செவ்வாய்க்கிழமை மாலை போனபோது அந்தக் கட்டிலில் வேறொருவர் படுத்திருந்தார். முதியவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டதாகச் செவிலியர் கூறினார். “உன்னைத்தான் கேட்டுக்கொண்டே இருந்தார். வாயிலைப் பார்த்துக்கொண்டே இருந்தார். டாக்டர் சொன்னதற்கெல்லாம் தலையை ஆட்டினார்” என்றார். என்ன கூறினார்கள், எந்த மருந்தை எத்தனை நாள் உண்ணச் சொன்னார்கள், புண்ணை எவ்வாறு கழுவச் சொன்னார்கள், எதுவும் அவருக்கு விளங்கியிராது. எந்த ஊருக்குப் போனார் என்பதையும் நான் கேட்டு வைத்திருக்கவில்லை. அவர் கால் பிழைத்ததா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.

பெரியோர்களே! எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகள் நான் தவறாமல் போயிருக்கிறேன். அவை ஒன்றும் என் நினைவில் இல்லை. போகாத அந்த ஒரு திங்கட்கிழமையே நினைவில் இருக்கிறது. தொண்டில் மிகப் பெரிய சொல் ‘வருகிறேன்’ என்பது. அன்பளிப்பைக் குறைத்துக் கொடுத்தாலும் ஏழை மன்னிப்பான். வருகிறேன் என்று கூறி வாராதிருந்தால் அவனுக்கு உலகமே கைவிட்டது போல் ஆகிறது. முன்பின் தெரியாத ஒருவன் வராததால் நேரும் துன்பத்தைவிட, நம்பிய ஒருவன் வராததால் நேரும் துன்பம் பெரிது. ஆகவே மாணவர்களே, உங்களால் இயன்றதைவிடக் குறைவாகவே ஒப்புக்கொள்ளுங்கள். ஒப்புக்கொண்டதை உயிர் போல் காத்துக்கொள்ளுங்கள். மாதத்தில் ஒரு காலைப்பொழுது போதும். அந்தக் காலைப்பொழுதில் நீங்கள் அங்கே இருக்கவேண்டும்.

இதிலிருந்து எழுவதே என் மூன்றாவது வேண்டுகோள். தமிழ் மட்டும் அறிந்த தொழிலாளிகள் இன்றும் இந்த ஊருக்கு வருகிறார்கள். அவர்களுக்கும் மருத்துவருக்கும் இடையே பாலமாக நிற்க மாணவர்கள் வேண்டும். ஒருவன் தவறினால் மற்றொருவன் செல்லும்படி முறைவைத்து அனுப்பவேண்டும். நாங்கள் செய்யாமல் விட்டது அதுதான். எல்லாப் பொறுப்பும் ஒருவன் தலையில் இருந்தது. அந்தத் தலை உறங்கிவிட்டது.

இதற்கு ஒரு தகுதி வேண்டும். கன்னடம் நன்றாகத் தெரிந்திருக்கவேண்டும். தமிழ்ச் சங்கத்து மேடையில் நின்று கன்னடம் படியுங்கள் என்கிறானே என்று எண்ணவேண்டா. நம் பிள்ளைகளுக்கு வாரச் சாப்பாடு போட்ட வீடுகளின் மொழி அது. இரு மொழியும் அறிந்தவனே இரு கரையையும் இணைக்க வல்லவன். அவ்வாறே வாயிலில் நிற்கும் கன்னட மூதாட்டிக்கும் வழி காட்டுங்கள். தமிழனுக்கு மட்டும் தொண்டு என்று வரையறுத்தால் அது ஒப்புரவு ஆகாது. காயசண்டிகையின் பெரும்பசியை முதலில் தீர்த்த மணிமேகலை, பின்னர்ப் பசித்தவர் யாராயினும் அமுதசுரபியை ஏந்தினாள்; எந்த ஊர், என்ன மொழி என்று வினவவில்லை.

இன்னும் ஒன்று கூறி முடிக்கிறேன். இக்காலத்தில் தொண்டுக்குச் சான்றிதழ் தருகிறார்கள், நிழற்படமும் எடுக்கிறார்கள். சான்றிதழ் வாங்குவதில் குற்றமில்லை. சான்றிதழுக்காகத் தொடங்கியவன் கூட, ஒரு நோயாளியின் கையைப் பிடித்த பின்னர் மனம் மாறிவிடக்கூடும். ஆனால் படம் எடுக்கும்போது ஒன்றை நினைவில் வையுங்கள். வாழைப்பழம் வாங்கிக்கொள்ளும் அந்த ஏழை, தன் வறுமை ஊரெல்லாம் தெரியவேண்டும் என்று விரும்பமாட்டான். வாரச் சாப்பாடு போட்ட அந்நாளைய இல்லத்தரசியர், இன்று எங்கள் வீட்டில் உண்பவன் இவன் என்று யாரிடமும் கூறித் திரிந்ததில்லை. தம் பிள்ளைக்குப் பக்கத்தில் ஓர் இலை போட்டார்கள், அவ்வளவுதான்.

சங்கத்தின் செயலாளர் அவர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்று. இன்று விழா முடிந்து எல்லோரும் உண்ணச் செல்லும் முன்னர், வாயிலில் ஒரு மேசையில் ஒரு குறிப்பேட்டை வைக்கச் செய்யுங்கள். மாணவர்கள் தம் பெயரையும், குருதி வகையையும், மாதத்தில் எந்தக் காலைப்பொழுது தமக்கு ஒழியும் என்பதையும் அதில் எழுதட்டும். பத்துப் பேர் எழுதினாலும் போதும். அடுத்த ஆண்டு விழாவில் சங்கத்தின் ஆண்டறிக்கை படிக்கப்படும்போது, எத்தனை பேர் பெயர் எழுதினார்கள் என்று படிக்கவேண்டா. ஒப்புக்கொண்ட நாளில் எத்தனை பேர் சென்றார்கள் என்று படியுங்கள்.

முதற்பெயராக என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள். எனக்குக் குருதி கொடுக்கும் வயது கடந்துவிட்டது. ஆனால் கன்னடம் தெரியும், தமிழ் தெரியும், காலையில் எட்டு மணிக்கு முன்னரே விழித்துக்கொள்ளும் பழக்கமும் வந்துவிட்டது. திங்கட்கிழமை எனக்கு ஒழியும்.